ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் வாடகை விடுதி: குடியானவர் முதலில் போடவேண்டிய கணக்கு

பயிர்த்தொழில் ஒன்றையே நம்பியுள்ள குடும்பத்திற்கு உபதொழில் ஒன்று துணையாக இருத்தல் நலம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கறவை மாடும், கோழியும், காய்கறித் தோட்டமும் நெடுங்காலமாக அத்துணையை அளித்து வந்திருக்கின்றன. காஞ்சிபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஏற்பட்ட பிறகு, இவற்றோடு புதிய உபதொழில் ஒன்று சேர்ந்துள்ளது. வீட்டையோ அறையையோ பிறர் தங்குவதற்கு வாடகைக்கு விடுவதே அது.

இத்தொழிலில் இறங்குவோர் பலரிடம் முதலாக இருப்பது, நிலத்தை விற்றோ நிலமெடுப்பு நஷ்டஈடாகவோ கிடைத்த தொகையாகும். அது ஒருமுறையே கைக்கு வரும் பணம். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் ஈடுசெய்ய இடமுண்டு. தவறான கணக்கின்மேல் எழுப்பிய கட்டடத்தை அவ்வாறு மறுபடி விதைக்க முடியாது. ஆகையால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே போடவேண்டிய கணக்கு எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1. தங்க வருவோர்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. இவற்றைச் சூழ்ந்து உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் பெருகின. அதன் பயனாக மூவகை மனிதர் இப்பகுதியில் தங்க இடம் தேடுகின்றனர்.

முதல் வகையினர் மாதச் சம்பளம் பெறும் தொழிலாளர். இரண்டாம் வகையினர் சில நாள் அல்லது சில வாரம் வேலையாக வரும் பொறியாளரும் வியாபாரிகளும் ஆவர். கொரியா, ஜப்பான் தேசத்தாரும் இவர்களில் உண்டு. மூன்றாம் வகையினர் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலத்தையும், வல்லக்கோட்டை முருகன் கோயிலையும், காஞ்சிபுரத்தையும் தரிசிக்க வரும் யாத்திரிகரும், ஏரியும் வயலும் பார்த்து ஓரிரு நாள் ஓய்வாக இருக்க விரும்பும் நகரத்துக் குடும்பத்தினரும் ஆவர்.

முதல் வகையினரால் வருவது மாத வாடகை. மற்ற இருவகையினரால் வருவது நாள் வாடகை. இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்கள். ஒன்றன் கணக்கை மற்றொன்றுக்குப் போடுவதே பெரும்பாலான நஷ்டத்திற்கு மூலகாரணம்.

2. பிற நாட்டார் கண்ட வழி

நாட்டுப்புற வீடுகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடும் தொழில் ஐரோப்பாவில் நன்கு வேரூன்றியது. பிரான்ஸ் தேசத்தில் மக்கள் கிராமங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலத்தில், பாழடைந்த வீடுகளைப் பழுதுபார்த்து விடுமுறைக்கு வருவோருக்கு விடும் முறை 1951-இல் தெற்கே ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில் தொடங்கிற்று. 1955-இல் அவ்வீட்டுக்காரர்களின் தேசிய சம்மேளனம் அமைந்தது. அங்கே குடியானவர் புதிதாக மாளிகை கட்டவில்லை. சும்மா கிடந்த வீட்டையே சீர்திருத்தினர். முதல் குறைவாயிருந்தமையால், கோடைக்கால வருவாய் சிறிதாயினும் பயன் தந்தது.

இத்தாலி தேசத்தார் 1985-இல் இதற்கெனச் சட்டமே செய்தனர். 2006-இல் அதற்குப் பதிலாகப் புதுச்சட்டம் வந்தது. பண்ணையில் விருந்தினரை ஏற்பவர் விவசாயியாகவே இருக்கவேண்டும், விவசாயமே முதன்மையாக நிற்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். விருந்தினர் விரும்பி வருவது வயலும் தோட்டமும் அங்கு விளையும் உணவும் கருதியே. வயலை அழித்து விடுதி கட்டுபவர், விருந்தினர் வரும் காரணத்தையே அழித்துவிடுகிறார்.

3. நாள் வாடகைக் கணக்கு

ஓர் அறையில் ஓர் இரவு தங்குவதை ஒரு ராத்தங்கல் என்று கொள்வோம். மரக்காலால் நெல்லை அளப்பதுபோல ராத்தங்கலால் இத்தொழிலை அளக்கவேண்டும். கீழ்க்கண்ட தொகைகள் யாவும் உதாரணமே. அவரவர் ஊர் விலைவாசிக்கேற்ப மாற்றிக்கொள்க.

குடியானவர் ஒருவர் நான்கு அறைகள் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டடம், தளவாடம், தண்ணீர், கழிப்பிடம் ஆகியவற்றுக்கு மொத்தம் ரூ. 24 லட்சம். இதில் பாதி சொந்தப் பணம். பாதி பாங்கிக் கடன், நூற்றுக்கு 10 வட்டி, 10 ஆண்டுத் தவணை. தவணை மாதம் சுமார் ரூ. 15,860, ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 1,90,000.

விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் ஆண்டுச் செலவு:

வேலையாள் ஒருவர் சம்பளம் – ரூ. 1,44,000
பழுது, வெள்ளையடிப்பு, படுக்கை முதலியன மாற்றுதல் – ரூ. 60,000
வரி, காப்பீடு, இணைய வசதி முதலியன – ரூ. 36,000
கடன் தவணை – ரூ. 1,90,000
ஆக – ரூ. 4,30,000

ஒரு ராத்தங்கலுக்கு வாடகை ரூ. 1,500 என்க. இது முழுவதும் கையில் நில்லாது. முன்பதிவு செய்துகொடுக்கும் கம்பெனிக்கு நூற்றுக்கு 15 வீதம் ரூ. 225 போகும். சலவை, துப்புரவு, மின்சாரம், காலைச் சிற்றுண்டி ஆகியவற்றுக்கு ரூ. 350 போகும். மிச்சம் ரூ. 925.

ரூ. 4,30,000-ஐ 925-ஆல் வகுத்தால் 465 ராத்தங்கல் வருகிறது. நஷ்டமின்றி நிற்பதற்கே ஆண்டில் இத்தனை வேண்டும். நான்கு அறைக்கும் ஆண்டில் உள்ள மொத்த இரவுகள் 1,460. அவற்றில் நூற்றுக்கு 32 வீதம் நிரம்பவேண்டும்.

சனி, ஞாயிறு விடுமுறைக்கு வருவோரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? ஆண்டின் 52 வாரங்களிலும், வாரத்திற்கு இரண்டு இரவு, நான்கு அறைகளும் ஒன்றுகூடத் தப்பாமல் நிரம்பினாலும் 416 ராத்தங்கல்தான் ஆகிறது. அது 465-க்குக் குறைவு. சித்திரை, வைகாசி வெயிலிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அவ்வாறு நிரம்பப் போவதுமில்லை. ஆகையால் வாரநாட்களில் தொழிற்சாலை வேலையாக வருவோரைப் பிடிக்க வழியில்லாத இடத்தில் இவ்வளவு முதல் போடுவது தகாது.

நூற்றுக்கு 40 வீதம் நிரம்பும் நல்ல ஆண்டையும் பார்ப்போம். 584 ராத்தங்கல், மிச்சம் ரூ. 5,40,200. ஆண்டுச் செலவு போக நிற்பது ரூ. 1,10,200. சொந்தப் பணம் 12 லட்சத்தைப் பாங்கியில் நூற்றுக்கு 7 வட்டிக்குப் போட்டிருந்தால் உழைப்பின்றியே ரூ. 84,000 வந்திருக்கும். அதைக் கழித்தால், குடும்பத்தார் ஆண்டு முழுதும் விருந்தினரைக் கவனித்ததற்குக் கூலி ரூ. 26,200. மாதத்திற்கு இரண்டாயிரத்துச் சொச்சம்! நூற்றுக்கு 25 வீதமே நிரம்பும் ஆண்டில் ரூ. 92,000-க்கு மேல் கைப்பொறுப்பு. அதை நெல் விற்ற பணத்திலிருந்துதான் கட்டவேண்டும்.

விருந்தினர் குறையும்போது வாடகையைத் தாழ்த்துவது வழக்கம். ரூ. 1,500-ஐ ரூ. 1,200 ஆக்கினால், கமிஷன் ரூ. 180-உம் செலவு ரூ. 350-உம் போக மிச்சம் ரூ. 670. இப்போது வேண்டுவது 642 ராத்தங்கல். வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, ராத்தங்கல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடவேண்டியிருக்கிறது. இதற்கு மாறாக, ஒருமுறை வந்தவரே நேரில் கேட்டு மறுபடி வருவாராயின் கமிஷன் இல்லை. எல்லோரும் அவ்வாறு வந்தால் 374 ராத்தங்கலே போதும். வாடகையைக் குறைத்து ஆள் பிடிப்பதிலும், வந்தவர் மனம் நிறைந்து திரும்பி வரச்செய்வதே லாபகரம்.

4. சிறிய அளவில் தொடங்குதல்

அதே குடியானவர் கடன் வாங்காமல், ரூ. 8 லட்சத்தில் பழைய வீட்டின் இரண்டு அறைகளைச் சீர்செய்கிறார் என்போம். வேலையாள் இல்லை, குடும்பத்தாரே கவனிக்கின்றனர். ஆண்டுச் செலவு ரூ. 50,000. அதே ரூ. 1,500 வாடகையில் 55 ராத்தங்கல் வந்தாலே நஷ்டமில்லை. ஆண்டில் 150 ராத்தங்கல் வந்தால், அதாவது நூற்றுக்கு 20 வீதத்துக்குச் சற்று மேல் நிரம்பினால், செலவு போக ரூ. 88,750 நிற்கும். 8 லட்சத்திற்கு உரிய வட்டி ரூ. 56,000-ஐக் கழித்தால் மீதி ரூ. 32,750.

நான்கு அறை, கடன், வேலையாள் ஆகியவற்றோடு நல்ல ஆண்டில் கிடைத்ததைவிட இது அதிகம். அபாயமோ மிகக் குறைவு. ஆயினும் இத்தொகை வீட்டுப் பெண்மக்கள் கூட்டி, துவைத்து, சமைத்ததற்கான கூலி என்பதை மறக்கலாகாது. அதனை அவர்கள் பெயரிலேயே பாங்கியில் இடுவது முறை.

5. மாத வாடகைக் கணக்கு

அதே ரூ. 24 லட்சத்தில் தொழிலாளருக்கென எளிய அறைகள் எட்டு கட்டினால், ஓர் அறைக்கு மாதம் ரூ. 6,000 வீதம், ஆண்டில் இரண்டு மாதம் காலி என்று கொண்டு, வரவு ரூ. 4,80,000. பழுதுக்கு ரூ. 60,000, தண்ணீர், கழிவுநீர் அகற்றலுக்கு ரூ. 36,000, வரி, காப்பீட்டுக்கு ரூ. 24,000, கடன் தவணை ரூ. 1,90,000. செலவு ரூ. 3,10,000 போக மிச்சம் ரூ. 1,70,000. சொந்தப் பணத்தின் வட்டியைக் கழித்தாலும் ரூ. 86,000 நிற்கும், உழைப்பும் குறைவு.

சாதாரண ஆண்டில் இதுவே மேல் என்பது தெளிவு. ஆனால் இதற்கு வேறோர் அபாயம் உண்டு. நாள் வாடகை விடுதிக்குப் பல திசையிலிருந்தும் ஆள் வருவர். இதற்கோ ஒரு தொழிற்சாலையின் வாயிலே உயிர்நாடி. எட்டில் நான்கு அறை ஆண்டு முழுதும் காலியாயிருந்தால் வரவு ரூ. 2,88,000-ஆகக் குறைந்து, ரூ. 22,000 கைப்பொறுப்பாகும்.

இது வெறும் கற்பனையன்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006-இல் உற்பத்தி தொடங்கி, ஆயிரக்கணக்கானவருக்கு வேலை அளித்து, 2014 நவம்பர் முதல் தேதியோடு நின்றது. இப்பகுதிக்கு அருகே மறைமலைநகரில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை முடித்தது. தொழிற்சாலை மூடாமலே வாடகைதாரர் போய்விடுவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் சுமார் ரூ. 706 கோடிச் செலவில் கட்டிய, 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. தொழிலாளருக்கு இது பெரு நன்மை என்பதில் ஐயமில்லை. அறை கட்டி வாடகைக்கு விடும் குடியானவர், இத்தகைய விடுதிகள் இன்னும் எழக்கூடும் என்பதைக் கணக்கில் சேர்த்தே முதல் போடவேண்டும். 10 ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்திடுபவர், அந்த 10 ஆண்டும் வாடகைதாரர் இருப்பாரா என்று ஆராயவேண்டும்.

சிக்கனம் கருதித் தண்ணீரிலும் சமையலிலும் கைவைத்தல் கூடாது. 2021 டிசம்பரில் இப்பகுதித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர் பலர், தங்கியிருந்த விடுதியின் உணவால் நோயுற்றனர். அதனால் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. தொழிற்சாலையும் சில வாரங்கள் மூடிக்கிடந்தது. ஒரு வேளைச் சோற்றில் மிச்சம்பிடித்த காசு ஓர் ஆண்டு வாடகையையும் கொண்டுபோய்விடும்.

6. வரி விஷயம்

விவசாய வருமானத்திற்கு வருமானவரி இல்லை. ஆனால் பண்ணைநிலத்தில் உள்ள கட்டடமாயினும், அதை வசிக்க வாடகைக்கு விட்டு வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது. வயல் நடுவே இருப்பதால் வரி இல்லை என்று சிலர் எண்ணுவது பிழை. மேலும், மற்ற வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால், விவசாய வருமானத்தையும் சேர்த்தே வரிவீதம் நிர்ணயிக்கப்படும். மாத வாடகையில், வீட்டுவரி போக மிஞ்சும் தொகையில் நூற்றுக்கு 30 வீதம் பழுது முதலியவற்றுக்கெனக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. உணவும் பணிவிடையும் சேர்த்து நாள் வாடகைக்கு விடுவது வியாபார வருமானமாகக் கருதப்படும்; அதற்கு ரசீதோடு கூடிய செலவுக்கணக்கு வேண்டும்.

சரக்கு, சேவை வரியைப் பொறுத்தவரை, ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்திற்கு மேற்படும்போது பதிவு செய்துகொள்ளவேண்டும். நாள் ஒன்றுக்கு ரூ. 7,500 வரை வாடகையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி நூற்றுக்கு 5. ஒருவருக்கு மாதம் ரூ. 20,000-க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாளேனும் தங்கும் விடுதி வாடகைக்கு 2024 ஜூலை முதல் விலக்கு உண்டு.

7. அனுமதியும் இடமும்

கட்டட அனுமதியும், விவசாய நிலத்தைப் பிற காரியத்திற்கு மாற்ற வேண்டிய அனுமதியும் பெறாமல் ஒரு கல்லும் வைக்கலாகாது. அனுமதியற்ற கட்டடத்திற்குப் பாங்கிக் கடன் கிடைப்பதும் அரிது. பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைக்கும் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் உண்டு. வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அதிகாரிகளுக்கு அறிவிப்பது கட்டாயம். விவசாய மின்னிணைப்பு பாசனத்திற்கே உரியது. அந்த மோட்டாரிலிருந்து விடுதிக்குத் தண்ணீர் எடுத்தல் குற்றமாகும்.

இடந்தேர்வில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் மதிப்பளிக்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை அடுத்த தாழ்ந்த இடங்கள் பல மூழ்கியதை இவ்வட்டாரத்தார் அறிவர். கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும், அனுமதி கேட்டு வருவோருக்கு வரைபடத்தைக் காட்டி, நீர்பிடிப்பு எது, கலங்கல் வழி எது, வயல் வாய்க்கால் எது என்று முன்னதாகவே சொல்லிவிடுவது பெரிய உபகாரம். கட்டியபின் இடிப்பதினும், கட்டுமுன் தடுப்பது இருவர்க்கும் நன்று.

8. வெளிநாட்டில் வாழும் பங்காளிகள்

மகனோ சகோதரரோ வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்தில் தகப்பனார் ஊரில் விடுதி நடத்துவதும் உண்டு. இதில் பணம் போட்டவர் யார், உழைப்பவர் யார், கட்டடம் யார் பெயரில், மிச்சத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதி வைக்கவேண்டும். உழைப்பவருக்கு மாதக் கூலியை முதற் செலவாக எழுதிவிட்டுப் பிறகே லாபம் பங்கிடவேண்டும். எழுதாத கணக்கால் கட்டடத்தில் விரிசல் காணுமுன் குடும்பத்தில் விரிசல் காணும்.

9. கணக்குப் புத்தகம்

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பது பழமொழி. கணக்குப் பாராமல் விடுதி கட்டியவனுக்கு உழுத நிலமும் மிஞ்சாது எனலாம். ஆகையால் விடுதிக்கெனத் தனி ரொக்கப் புத்தகமும் தனிப் பாங்கிக் கணக்கும் வைத்தல் அவசியம். நாள்தோறும் எழுதவேண்டியவை நான்கு: தங்கியோர் எண்ணிக்கை, வரவு, செலவு, கமிஷன். தோட்டத்துக் காய்கறியும் வீட்டுப் பாலும் விருந்தினருக்குப் போனால், அவற்றின் சந்தை விலையை விடுதிச் செலவாகவும் விவசாய வரவாகவும் எழுதுக. இல்லையேல் வயலின் லாபம் விடுதியின் லாபமாகத் தோன்றி மயக்கும்.

10. முடிவு

குடியானவர் மனத்திற்கொள்ள வேண்டியவை:

(அ) புதுக் கட்டடத்திற்கு முன் பழைய வீட்டைப் பழுதுபார்த்து இரண்டு அறையோடு தொடங்குக. ஓராண்டுக் கணக்கைப் பார்த்தபின் பெருக்குக.

(ஆ) நஷ்டமின்றி நிற்க எத்தனை ராத்தங்கல், அல்லது எத்தனை மாத வாடகை வேண்டும் என்பதைக் கண்டறிந்து, அதில் பாதியே வந்தால் கடனை எதைக்கொண்டு கட்டுவது என்று எழுதி வைத்துக்கொள்க. பதில் ‘நிலத்தை விற்று’ என்று வருமாயின் அத்திட்டத்தைக் கைவிடுக.

(இ) நஞ்சையை ஈடுவைத்து விடுதி கட்டவேண்டாம்.

(ஈ) ஒரு தொழிற்சாலையின் ஆட்களை மட்டும் நம்பவேண்டாம்.

(உ) ஆறு மாதத் தவணைக்கு ஈடான தொகையைக் கையிருப்பாக வைத்திருக்கவேண்டும்.

விடுதி வருமானம் விவசாயத்தைத் தாங்கும் முட்டுக்கோலாக இருக்கும்வரை நன்மை தரும். முட்டுக்கோலைத் தாங்குவதற்காக வீட்டை விற்கும் நிலை வந்துவிடலாகாது. இம்மாதம் கட்டட ஒப்பந்தக்காரரை அழைக்க எண்ணியிருப்போர், அவரை அழைக்குமுன் ஒரு மாலைப் பொழுது குடும்பத்தாருடன் அமர்ந்து, மேற்கண்ட கணக்கைத் தம் தொகைகளை இட்டுப் போட்டுப்பார்ப்பது நலம். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் பென்சிலும் மட்டுமே.